அடுத்தது தெரியாத 28 நாள்

அடுத்து என்ன வரும் என்று தெரியாமலே எழுதிப் பழகும் 28 நாள் பயிற்சி இது. இதற்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான். 80 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று, தடித்த ஏ4 மட்டை ஒன்று, மூடி இறுகும் பிஸ்கட் டின் ஒன்று, ஒரு பென்சில், மணி அடிக்க ஒரு ஃபோன். நாளுக்கு 20 நிமிடம் போதும். 28 நாள் முடியும்போது ஒரு கதையோ பாட்டோ நாடகத் துண்டோ கையில் இருக்கும். வீட்டுப் பின்பக்கத்தில் சின்னப் பாத்தி ஒன்றும் முளைவிட்டிருக்கும். அதைவிட, "என்ன வரும்னு தெரியலையே" என்று கை நின்றுபோகிற இடத்தில் நிற்காமல் ஓட அந்தக் கை பழகியிருக்கும். எழுதுகிறவர், வரைகிறவர், தையல் மெஷினில் உட்காருகிறவர், திருவிழாவுக்கு நாடகம் போடும் இளைஞர் மன்றத்தார் எல்லாருக்கும் முறை ஒன்றுதான். எழுத்துக்குச் செலவு குறைவு என்பதால் அதை வைத்தே விளக்குகிறோம்.

முறைக்குள் இருக்கிற கருத்து ஒன்றே ஒன்று: விளிம்பை இறுக்கிக் கட்டு, நடுவைத் திறந்து விடு. எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட வேண்டும். உள்ளே என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும். மாசி மாதம் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தைப் பாருங்கள். மன்மதன் எரியப் போகிறான், ரதி அழப் போகிறாள் என்பது கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். கதை மாறாது, தப்பு மேளத்தின் அடி மாறாது. ஆனால் அந்த இரவில் பனி எவ்வளவு இறங்கும், ரதி வேடம் கட்டியவரின் தொண்டை எங்கே அடைக்கும், யாருக்கு அருள் வரும் என்பது யாருக்கும் தெரியாது. சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்காருவது அதைப் பார்க்கத்தான். இரண்டில் ஒன்று போனாலும் கூத்து இல்லை. விளிம்பு போனால் கூச்சல், நடு போனால் பள்ளிக்கூட ஒப்புவித்தல்.

முதலில் பிரித்து வையுங்கள்

பயிற்சி தொடங்குவதற்கு முந்தின நாள் கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். இப்போது உங்கள் வாழ்க்கையில் தெரியாமல் கிடக்கிறதையெல்லாம் அதில் பிரித்து எழுதுங்கள். இதைத் தவிர்க்கிறவர்கள்தான் பாதியில் விழுகிறார்கள்.

முதல் கட்டம், அடைக்க வேண்டியவை. வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டில் புதிதாக வெடிப்பு தெரிகிறது, மரம் சாய்ந்திருக்கிறது, பீலியில் (மலை ஊற்றுத் தண்ணீர் விழும் இடம்) திடீரென்று சேறாகத் தண்ணீர் வருகிறது. இவற்றோடு விளையாட எதுவும் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் கிளம்பத் தயாராக வேண்டும். 150 என்றால் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைச் சுவரில் எழுதி வைப்பது இந்தக் கட்டத்துக்கான வேலை. மருந்து, கடன் தவணை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழை எல்லாம் இதே கட்டம்தான்.

இரண்டாவது கட்டம், தாங்க வேண்டியவை. பரீட்சைப் பெறுபேறு, வேலைக்குப் போட்ட விண்ணப்பம், வைத்தியசாலை ரிப்போர்ட். உங்கள் பங்கு முடிந்துவிட்டது, பதில் வரவில்லை. இந்தக் காத்திருப்பு ஏன் இவ்வளவு அரிக்கிறது என்பதற்கு 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் உட்கார வைத்து, எந்தக் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் சின்ன மின்னதிர்ச்சி. அதிர்ச்சி வருவது நிச்சயம் என்ற நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த நேரத்தில்தான் உடம்பு அதிகம் பதறியது. வலியைவிட வலி வருமா என்பதே பெரிய தொந்தரவு. தேயிலைச் செடிக்குள் கையை விடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லைதான். இந்தக் கட்டத்தில் இருப்பதை வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். எழுதி மூடுங்கள்.

மூன்றாவது கட்டம், விளையாடக்கூடியவை. இதற்கு ஒரே சோதனை: தோற்றால் என்ன போகும்? ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் போகாது, அடுத்தவர் உடம்புக்கோ மானத்துக்கோ கேடில்லை, மறுபடி செய்து பார்க்கலாம் என்றால் அது இங்கே வரலாம்.

ஓர் ஓரப் பேச்சு. "நிச்சயமின்மையை நேசியுங்கள்" என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இப்போது நிறைய. இன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு முன் நிற்கிறவரிடமும், தலைமுறையாகக் குடியிருக்கும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அறைக்கு, அதாவது காம்பராவுக்கு, உறுதிப் பத்திரம் இல்லாதவரிடமும் அதைச் சொல்வது அநியாயம். மலையகத் தமிழருக்கு 1948இல் பறிபோன குடியுரிமைக் கணக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் ஒரு வழியாக முடிந்தது. அது மற்றவர்கள் நம் தலையில் வைத்த நிச்சயமின்மை. அதை அணைத்துக்கொள்ளத் தேவையில்லை, கேட்டு வாங்கித் தீர்க்க வேண்டும். இந்தக் கட்டுரை மூன்றாவது கட்டத்தைப் பற்றி மட்டுமே.

டின் தயாரிப்பு

அன்றன்றைக்கு எதை வைத்து எழுதுவது என்பதை டின்னிலிருந்து எடுக்கும் துண்டுகள் முடிவு செய்யும். ஏ4 மட்டையைப் பாதிபாதியாக ஐந்து தடவை மடித்தால் 32 துண்டு வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்கு 3.5 சென்டிமீட்டர். தடித்த மட்டையை ஐந்து தடவை மடிப்பது கஷ்டம். ஆகவே அடிமட்டம் வைத்து நீளவாட்டில் எட்டுப் பங்கும் அகலவாட்டில் நான்கு பங்குமாகக் கோடு போட்டு வெட்டுங்கள். மெல்லிய தாள் வேண்டாம். எழுத்து பின்பக்கம் தெரியும், கை தானாகத் தெரிந்த துண்டைத் தேடும்.

32ஐ நான்கு வகையாகப் பிரியுங்கள், வகைக்கு எட்டு. பின்பக்க மூலையில் வகையின் முதல் எழுத்தைக் குறித்து வைத்தால் எடுக்கும்போது குழம்பாது.

இடம்: பீலிக்கரை, கொழுந்து மடுவம், பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை), பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்), ஸ்டோர் வாசல், நானுஓயா ஸ்டேஷன், கடைசி பஸ்.

ஆள்: கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்த தம்பி, வெளிநாட்டு வீட்டு வேலையிலிருந்து திரும்பிய சித்தி, பஸ்ஸைத் தவறவிட்ட வாத்தியார், சாமி ஆடுகிறவர், இரண்டாம் தடவை ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறவள். இப்படி எட்டு. வெறும் "அம்மா", "விவசாயி" என்று எழுதினால் வேலை செய்யாது. ஆளுக்கு ஒரு நிலைமை ஒட்டியிருக்க வேண்டும்.

பொருள்: படங்கு, கம்பளி, ஒற்றைச் செருப்பு, பிரிக்காத கடிதம், சாவி, தப்பு, தேயிலைத்தூள் பொட்டலம், டோர்ச்.

தடை: யார் பெயரும் வரக் கூடாது. எந்த வாக்கியமும் எட்டுச் சொல்லைத் தாண்டக் கூடாது. பேச்சு மட்டும். கண்ணால் பார்த்தது எதுவும் வரக் கூடாது, சத்தமும் வாசமும் மட்டும். கடைசியில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். மீதி மூன்றை நீங்களே யோசியுங்கள்.

நாளுக்கு வகைக்கொன்றாக நான்கு துண்டு எடுத்தால் எட்டை நான்கு தடவை பெருக்கி 4,096 சேர்க்கை வரும். நாளுக்கு ஒன்று என்றாலும் 11 வருடத்துக்கு மேல் ஓடும். ஒரு மட்டையின் விலைக்கு மோசமில்லை.

இரண்டு தவறு இங்கேயே நடக்கும். "காதல்", "துயரம்", "சுதந்திரம்" போன்ற சொற்களைத் துண்டில் எழுதுவது முதல் தவறு. அவை வந்தால் கை தானாகத் தமிழ்த்தினப் போட்டிக் கட்டுரை எழுதிவிடும், உங்களுக்கே தெரியாது. கையால் தொடக்கூடியதை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது, தடைகளை இரண்டு மூன்றாக அடுக்குவது. ஊவாப் பக்கத்துத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போதுதான் பேர்போன வாசம் ஏறுகிறது. செடி நெருக்கடியில் மெதுவாக வளர்வதால் வருவது அது. அதே வறட்சி நீண்டுபோனால் கொழுந்தே இருக்காது. ஒரு நாளுக்கு ஒரு தடை போதும்.

பனிக் காலத்தில் துண்டுகள் ஈரம் இழுத்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மேசைக்கரண்டி அரிசியை வறுத்து ஆறவைத்து, துணியில் முடிந்து டின்னுக்குள் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

முதல் வாரம்: 12 நிமிடம்

எந்த நேரம் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். காலை வேண்டாம். அடுப்பு, பிள்ளையின் ஸ்கூல், மலைக்குப் போகிற அவசரம் எல்லாம் அதில் இருக்கிறது. இராச்சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு உள்ள அரை மணி நேரம் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

துண்டு எடுப்பதற்கு முன் தேதியைப் போட்டு, பக்கத்தில் 0 முதல் 10க்குள் ஓர் எண் எழுதுங்கள். இன்றைக்கு எவ்வளவு மோசமாக வரப்போகிறது என்று நினைக்கிறீர்களோ அதுதான் எண். பத்து என்றால் கிழித்துப் போட வேண்டியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு நான்கு துண்டை எடுங்கள், 12 நிமிடத்துக்கு மணி வையுங்கள், எழுதத் தொடங்குங்கள். பென்சில்தான், ஆனால் அழிறப்பர் கிட்டவே வேண்டாம். மணி அடித்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை திரும்பி வாசிக்கக் கூடாது.

12 நிமிடத்துக்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்று நான்கு நிமிடம் ஏற்கெனவே தெரிந்ததுதான் வரும்: கேட்ட கதை, பாட்டு வரி, டிவி நாடகப் பேச்சு. ஐந்தாவது நிமிடத்தில் சரக்கு தீரும். அப்போது ஒரு வெறுமை, கொஞ்சம் எரிச்சல், தண்ணீர் குடிக்கப் போகலாமா என்ற எண்ணம். முக்கால்வாசிப் பேர் எழுந்து போகிற நிமிடம் அது. எழுந்து போகாமல் இருந்தால் ஏழாவது எட்டாவது நிமிடத்தில் நீங்கள் யோசிக்காத ஒன்று வந்து உட்காரும். 20 நிமிடம் வைத்தால் கடைசியில் களைப்புத்தான் எழுதும். ஐந்து நிமிடம் வைத்தால் அந்த வெறுமையே வராது.

ஓர் உதாரணம். பீலிக்கரை, லீவில் வந்த தம்பி, சாவி, சத்தமும் வாசமும் மட்டும். தண்ணீர் விழும் சத்தம், லைஃப்போய் சவர்க்கார வாசம், சேர்ட்டைக் கல்லில் அடிக்கிற சத்தம் எல்லாம் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். சாவியை எப்படிக் கொண்டுவருவது? பார்க்கக் கூடாதே. சட்டைப் பையிலிருந்து கல்லில் விழுந்தால் சத்தம் கேட்கும். உருண்டு தண்ணீருக்குள் போனால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றதும் தம்பியும் பேச்சை நிறுத்துகிறான். எந்தக் கதவின் சாவி அது? கொழும்புக் கடைச் சாவியை ஏன் ஊருக்குக் கொண்டுவந்தான்? கதை இங்கேதான் தொடங்குகிறது. "சாவி மினுங்கியது" என்று எழுத இடம் கொடுத்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது.

அதிகம் நடக்கும் களவு, பிடிக்காத துண்டை உள்ளே போட்டு வேறு எடுப்பது. ஒரு தடவை செய்தால் பத்துத் தடவை செய்வீர்கள். கடைசியில் உங்களுக்குப் பழக்கமான நான்கு துண்டுதான் வெளியே இருக்கும். வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றல் என்று வையுங்கள். மாற்றினால் எதை மாற்றினீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து அந்தப் பட்டியலைப் பார்த்தால், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

ஞாயிறு பிளேன்டீ போட்டுக்கொண்டு ஏழு நாள் எழுதியதையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். வாசித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் புது எண் போட்டு, முதல் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓயாத கவலைக்குச் சிகிச்சை கொடுக்கும் உளவியலாளர்கள் இதே மாதிரி ஒரு முறையைக் கையாளுகிறார்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டி எழுது, செய், நடந்ததை எழுது, இரண்டையும் ஒப்பிடு. எட்டு என்று பயந்தது நான்காக வந்திருக்கலாம். மூன்று என்று தெம்பாக எழுதியது ஒன்பதாகவும் இருக்கலாம். எண் கூடியதா குறைந்ததா என்பதைவிட, உங்கள் ஊகம் எவ்வளவு தவறுகிறது என்பதைக் கவனியுங்கள். அடுத்த திங்கள் "இது சரிவராது" என்று மனது சொல்லும்போது, அது சொன்னது எத்தனை தடவை பொய்த்தது என்று காட்டக் கொப்பியில் கணக்கு இருக்கும்.

இரண்டாவது வாரம்: மற்றவர் கை

இந்த வாரம் ஆள் வேண்டும். ஐந்து பேர் நல்லது. எட்டுக்கு மேல் போனால் கூட்டம் ஆகிவிடும். ஒரு நீளத்தாள், ஆளுக்கு நான்கு நிமிடம், மூன்று வரி. எழுதி முடித்தவர் கடைசி வரி மட்டும் தெரியும்படி மடித்து அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். 20 நிமிடத்தில் சுற்று முடியும். பிறகு ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் இதைச் செய்யுங்கள். மற்ற நாளில் முதல் வாரத்து 12 நிமிடம்.

வயதில் சின்னவரில் தொடங்குங்கள். பெரியண்ணன் முதலில் எழுதினால் மற்றவர்கள் அவர் போன வழியிலேயே போவார்கள், மரியாதைக்காக. எழுத வராத அம்மாயி, தாத்தா இருந்தால் அவர்கள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதலாம். சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். "அவங்க சொன்னத நல்ல தமிழ்ல மாத்திட்டேன்" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுத வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் கேள்வியிலும் பழக்கம் வேண்டும். "அந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டந்தானே அம்மாயி?" என்றால் "ஆமாடா" என்று வரும், அதோடு முடிந்தது. பதில் உங்களுக்கே தெரியாத கேள்வியாகக் கேளுங்கள்: "மழைக்கு மொத நாளு கம்பளி எங்க வச்சிருப்பீங்க அம்மாயி?" என்று கேட்டால் ஒரு வீடே வெளியே வரும். பதில் வராமல் இடைவெளி விழுந்தால் நிரப்பாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

ஒரு விதி கட்டாயம்: உயிரோடிருக்கும் அக்கம்பக்கத்தார் விஷயம் தாளில் வரக் கூடாது. லயத்தில் சுவர் மெல்லியது. விளையாட்டாக எழுதிய மூன்று வரியால் பத்து வருடப் பேச்சுவார்த்தை நின்றுபோகும். இன்னொன்று, கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் கதையைப் பகிடியாக்கி முடிப்பார். அவருக்குத் தெரியாததைப் பார்த்துப் பயம், சிரிப்பால் கதவைச் சாத்துகிறார். திட்ட வேண்டாம். நடு இடத்தைக் கொடுங்கள். கடைசி இடம் கொடுத்தால் மட்டுமே அவரால் கதையைக் கெடுக்க முடியும்.

மூன்றாவது வாரம்: மூன்றடிக்கு மூன்றடி

எழுத்தில் பிழைத்தால் தாள்தான் போகும். மண்ணில் பிழைத்தால் விதை போகும், மழை திருப்பி வராது. அதனால்தான் மண்ணும் வேண்டும். இதற்கான வேலையை முதல் வாரமே தொடங்கியிருக்க வேண்டும். முழுவதையும் வாசித்துவிட்டுப் பயிற்சிக்குள் இறங்குங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.

வீட்டுப் பக்கத்தில் மூன்றடிச் சதுரம் ஒன்றைக் கொத்தி, தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். நூல் கட்டி ஒன்பது கட்டமாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஓரடிச் சதுரம். நிலம் இல்லாதவர்கள் ஒன்பது பழைய உரபேக்கில் அடியில் துளை போட்டு மண் நிரப்பலாம்.

ஐந்து கட்டத்தில் வீட்டில் எப்போதும் போடுவது போலவே போடுங்கள். கொடி ஏறாத போஞ்சி என்றால் கட்டத்துக்கு நான்கு விதை, ஓர் அங்குல ஆழம். மூன்று கட்டத்தில் ஒரே ஒரு மாற்றம். ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி டொலமைட் (சுண்ணாம்புக்கல் தூள்), அதுவும் விதைக்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், போஞ்சிக்குப் பிடிக்காது. இன்னொன்றில் விதையை அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். மற்றதில் விதைத்த பிறகு மானாப் புல்லை இரண்டு அங்குலம் பரப்புங்கள், முளை வந்ததும் அதன் தலைக்கு மேல் இருப்பதை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கட்டத்தில் இரண்டு மாற்றத்தைச் சேர்த்துவிட்டால், நல்லது எதனால் வந்தது கெட்டது எதனால் வந்தது என்று சண்டைதான் மிஞ்சும்.

ஒன்பதாவது கட்டம் தெரியாத கட்டம். சமையல் டப்பாவிலிருந்து கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, தலைக்கு அரைத் தேக்கரண்டி. கொத்தமல்லியை மட்டும் உருட்டி இரண்டாக உடைத்து ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். கலந்து தூவி, மேலே அரை அங்குலம் மண். கடையில் எத்தனை மாதம் கிடந்த விதையோ, முளைக்குமோ முளைக்காதோ. வெந்தயம் முளைத்தால் ஒரு வாரத்துக்குள் தெரியும். கொத்தமல்லி குளிர் இடத்தில் பத்து நாளுக்கு மேல் எடுக்கும். அதற்குள் பொறுமை இழந்து கிண்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. கிண்டினால் முளை ஒடியும்.

தெரியாததைச் சின்ன இடத்தில் சோதிப்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்தரத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துத் துரை ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட வைத்தபோது கோப்பி நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பிறகு மலை முழுக்கக் கோப்பி அழிந்தது. அவசரத்தில் பலர் சிங்கோனாவுக்கு (கொயினா மருந்து எடுக்கும் மரம்) தாவினார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டதால் அதன் விலையும் விழுந்தது. கடைசியில் நின்றது, கையில் வசதி இருந்த நேரத்தில் சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்த தேயிலைதான். (கொத்தி நட்ட கைகள் நம் முன்னோருடையவை. புத்தகத்தில் துரையின் பெயர் மட்டும் இருக்கிறது.) தெரியாததை நெருக்கடி வந்த பிறகு தொடங்கினால் அது சூதாட்டமாகிவிடும்.

நாளுக்கு ஐந்து நிமிடம் பாத்தியைப் பார்த்து, ஒரு வரி எழுதுங்கள். ஒரு கட்டம் செத்துப்போனால் ஒரு காரணம் எழுதி முடிக்காதீர்கள். மூன்று எழுதுங்கள். "மழை கூடிவிட்டது" என்பது முதலில் வரும் காரணம், பெரும்பாலும் சோம்பேறிக் காரணம். நத்தையா? விதை பழசா? கோழி கிளறியதா? மூன்றையும் எழுதிய பிறகு, எதை நாளைக்கே போய்ப் பார்க்க முடியும் என்று அடிக்கோடு போடுங்கள். நத்தை என்றால் இரவில் டோர்ச் அடித்துப் பார்க்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமழை கொட்டும். அந்த மாதங்களில் விதைத்தால் முதல் வாரம் பாத்திக்கு மேல் சாக்கு ஒன்றைக் குச்சி நட்டுக் கட்டிவிடுங்கள்.

நான்காவது வாரம்: மூடுவது

திறந்தே கிடப்பது சுலபம், சிலருக்கு அது போதையாகவும் ஆகிவிடும். ஐம்பது தொடக்கம் எழுதி ஒன்றும் முடிக்காதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் 22ஆம் நாள் டின்னை மூடிப் பரணில் வையுங்கள். கொப்பியில் இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நல்லதை எடுக்காதீர்கள். எதை வாசிக்கும்போது "இதுக்கப்புறம் என்ன?" என்று உங்களுக்கே பதில் தெரியவில்லையோ அதை எடுங்கள். நன்றாக வந்தது ஏற்கெனவே முடிந்துவிட்டது, அதில் செய்ய வேலை இல்லை.

22, 23: அதை இரண்டு மடங்கு நீட்டி எழுதுங்கள். 24: எழுதாதீர்கள், தொடவும் வேண்டாம். 25: மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். பெரும்பாலும் முதல் பந்தி போகும். அது நீங்கள் சூடேற எழுதியது. 26: மூன்று பேருக்குத் தனித்தனியாக வாசித்துக் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் மனம் நோகக் கூடாது என்று "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். "எந்த இடத்துல கொட்டாவி வந்துச்சி அக்கா?", "எந்த இடத்துல அடுத்தது என்னான்னு நெனச்சீங்க?" என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வையுங்கள், மாற்றாதீர்கள். 27: சுத்தமாக எடுத்து எழுதுங்கள். 28: வாசிப்பு. வாசிகசாலையோ கோயில் மண்டபமோ வேண்டியதில்லை. ஓர் இஸ்தோப்பு, ஆறேழு பேர், ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும்.

இடையில் ஒரு கவனம். பயிற்சியில் வரும் படபடப்பு மணி அடித்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எதிர்காலம் என்றாலே மூச்சு முட்டுகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பயிற்சி அதற்கான மருந்தும் இல்லை.

வாசிப்பு முடிந்த இரவே அடுத்த சுற்றுக்கு டின்னைத் தயார் செய்துவிடலாம். கொப்பியைப் புரட்டி, இரண்டு மூன்று தடவை வந்துபோன துண்டுகளில் வகைக்கு இரண்டாக எட்டை வெளியே எடுத்துவிடுங்கள். புது மட்டையில் எட்டுத் துண்டு வெட்டி, பின்பக்கம் வகையின் எழுத்தைக் குறித்து, வாசிப்புக்கு வந்தவர்களிடம் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ கொடுத்து எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கவிழ்த்து வாங்கி, பார்க்காமல் உள்ளே போட்டு மூடுங்கள்.